பெட்டார்ட் எடுத்துவந்த இரண்டு புத்தகங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ரகசியச் செய்திகளுக்குப் பயன்படுத்திய எனிக்மா எந்திரம் பற்றி எழுதும்போது பெட்டார்ட் என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பலை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என்று மூன்று நாட்டு நீர்மூழ்கிகளையும் அது மூழ்கடித்தது உண்மையா? எனிக்மா எந்திரத்தைக் கைப்பற்றியதும் அதுதானா? கடைசியில் அந்தக் கப்பல் என்ன ஆனது?

க.

அன்புள்ள க.,

மூன்று நாட்டு நீர்மூழ்கிகள் என்பது உண்மை. ஆனால் மூன்று முறையும் துணைக்கு வேறு கப்பல் இருந்தது. எந்திரம் கிடைக்கவில்லை. கிடைத்தது வெறும் தாள், அதுதான் பெரிய விஷயம்.

1942 அக்டோபர் 30. எகிப்தின் போர்ட் சையது துறைமுகத்துக்கு வடகிழக்கே ஜெர்மன் நீர்மூழ்கி யு-559ஐ, பெட்டார்ட் உட்பட ஐந்து நாசகாரிகள் பகல் முழுக்கத் துரத்தின. நீரடி வெடிகுண்டை அதிகபட்சம் 500 அடியில்தான் வெடிக்க வைக்கலாம்; யு-559 அதற்கும் கீழே இருந்தது. குண்டின் துளை வழியே நீர் புகுந்து, அழுத்தம் ஏறியதும் வெடிப்பதுதான் ஏற்பாடு. பெட்டார்ட் மாலுமிகள் அந்தத் துளையில் சோப்பை அடைத்தார்கள். நீர் புகத் தாமதமானதால் குண்டு இன்னும் ஆழம் போய் வெடித்தது.

இரவு பத்தரை மணிக்கு மேல் யு-559 மேலே வந்தது. அதன் ஆட்கள் கடல்நீர் வால்வுகளைத் திறந்துவிட்டுக் குதித்துவிட்டார்கள். லெப்டினன்ட் டோனி ஃபாசனும் மாலுமி காலின் கிரேசியரும் உள்ளே இறங்கினார்கள். கேன்டீன் பையன் டாமி பிரவுன், 16 வயது, ஏணியில் நின்று புத்தகங்களை வாங்கி மேலே படகுக்குக் கொடுத்தான். நீர் பட்டால் கரையும் மையில் அச்சிட்டவை அவை, நனையவே கூடாது. ஃபாசன் சுவரில் ஒயரோடு மாட்டியிருந்த ஏதோ ஒரு கருவியைப் பெயர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வரும்படி பிரவுன் இரண்டு முறை கத்தினான். ஃபாசனும் கிரேசியரும் ஏறத் தொடங்கியபோது நீர்மூழ்கி சட்டென்று மூழ்கிவிட்டது. பிரவுன் மட்டும் பிழைத்தான்.

வந்தவற்றில் முக்கியமானவை இரண்டு: வானிலைக் குறுஞ்செய்திக் குறியீடு, குறுஞ்செய்திக் கையேடு. எனிக்மா, எழுத்துகளை மாற்றும் சுழல் சக்கரங்களால் இயங்குவது. 1942 பிப்ரவரியில் அதில் நான்காவது சக்கரம் சேர்ந்ததிலிருந்து அட்லாண்டிக் யு-படகுகளின் (ஜெர்மன் நீர்மூழ்கிகளின்) செய்தி, பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்குக்குப் புரியவில்லை. ஆனால் கரையிலிருந்த வானிலை நிலையங்களிடம் மூன்று சக்கர எந்திரம்தான். அதனால் வானிலைச் செய்தி அனுப்பும்போது படகுகள் நான்காவதை நடுநிலையில் வைத்துவிடும். நிலையங்களோ அதே வானிலையை, ஏற்கெனவே உடைபட்ட வேறொரு குறியீட்டில் திருப்பி ஒலிபரப்பின. புத்தகம் கையில் இருந்தால் மூலச் செய்தியை ஊகிக்கலாம். மூன்று சக்கரங்களின் அமைப்பு தெரிந்துவிட்டால் நான்காவதற்கு 26 நிலைகளைச் சோதித்தால் போதும். டிசம்பர் 13 அன்று உடைத்தார்கள்.

இத்தாலிய நீர்மூழ்கி உவார்ஷியெக்கை மூழ்கடித்தது அதே டிசம்பரில், மால்டாவுக்குத் தெற்கே, கிரேக்க நாசகாரி ஒன்றுடன் சேர்ந்து. அதைச் சுருக்கமாகவே விடலாம்.

ஜப்பானின் ஐ-27தான் கொடுமை. 1944 பிப்ரவரி 12, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குப் படைகளும் செவிலியரும் சென்ற கெடிவ் இஸ்மாயில் கப்பல், ஐ-27 தாக்கியதில் மாலத்தீவு அருகே சில நிமிடங்களில் மூழ்கியது. 1,300 பேர் வரை இறந்தார்கள். பிழைத்தவர்கள் நீரில் தத்தளிக்கும் இடத்திலேயே நீர்மூழ்கி இருக்க, பெட்டார்டும் இன்னொரு நாசகாரியான பாலடினும் அங்கே நீரடி வெடிகுண்டுகளைப் போட்டன. ஐ-27 மேலே வந்த பிறகு பெட்டார்டின் 4 அங்குலப் பீரங்கிக் குண்டுகள் அதன் உடலைத் துளைக்கவில்லை. மோதப் போன பாலடின் தன் வயிற்றையே கிழித்துக்கொண்டது. பெட்டார்டின் ஏழாவது டார்பிடோதான் வேலையை முடித்தது.

போருக்குப் பின் பெட்டார்டை ஃபிரிகேட் என்ற வகைப் போர்க்கப்பலாக மாற்றி ஓட்டினார்கள். 1967இல் ஸ்காட்லாந்தின் போனெஸ்ஸில் உடைத்துவிட்டார்கள். பிளெட்ச்லியின் ரகசியம் வெளியே வர அப்போது இன்னும் ஏழு வருடம் இருந்தது.