மேற்படிப்பு வழிகாட்டல்: சென்னைப் பள்ளி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

பத்தாம் வகுப்பு ஆசிரியை, வியாசர்பாடி: வழிகாட்டி நிகழ்ச்சியை பிளஸ் டூ டிசம்பரில் வைக்கிறோம். போதுமா சார்?

போதாது மேடம். பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் அன்றே பாதி முடிவாகிவிடுகிறது. உயிரியல் படிக்காதவர் நீட் எழுத முடியாது. காமர்ஸ் குரூப்பில் இருந்து பி.இ. போக முடியாது. ஆனால் சட்டம், சி.ஏ. பவுண்டேஷன் இரண்டுக்கும் எந்த குரூப்பும் தடையில்லை. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுங்கள்: விரும்பும் படிப்பு, அதற்குக் கட்டாயப் பாடம், நுழைவுத் தேர்வு உண்டா. அதை நிரப்பிய பிறகு குரூப் பேசுங்கள். 'நல்ல மார்க், அதனால் ஃபர்ஸ்ட் குரூப்' என்று தள்ளிவிடுவதால்தான் பிளஸ் ஒன்னில் முதல் இடைப்பருவத் தேர்விலேயே கணக்கில் தடுமாறுகிறார்கள்.

கணித ஆசிரியர், பெரம்பூர்: கட்-ஆஃப் கணக்கைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 84 என்றால் 90+40+42=172. கணிதத்தில் கூடும் ஒரு மார்க் அப்படியே ஏறும். இயற்பியலில் கூடுவது அரை மார்க்தான். கடைசி மாதம் எதற்கு நேரம் ஒதுக்குவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம். பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. இன்னும் அதைக் கேட்கும் பெற்றோர் உண்டு!

தலைமையாசிரியர், திருவொற்றியூர்: சான்றிதழ் விஷயத்தில் எங்கே சிக்குகிறது?

பெயரில்தான். ஆதாரில் 'கார்த்திக் கு', எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு) 'கார்த்திக் குமார்', டி.சி.யில் 'கு. கார்த்திக்'. மார்க் ஷீட் அச்சான பிறகு திருத்த வேண்டுமென்றால் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுத வேண்டும். கலந்தாய்வு நேரத்தில் அதற்கு ஏது அவகாசம்? எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து எமிஸ் பெயரைச் சரிபாருங்கள். பொதுத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகுமுன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்து, மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு வருடம் தனியாரில் படித்தாலும் போச்சு. ஆர்.டி.இ.யில் (கல்வி உரிமைச் சட்டம்) எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அரசு உதவிபெறும் பள்ளிக்கு இது கிடையாது. வேறு பள்ளியில் இருந்து வந்தவர்களுக்கு அந்தப் பள்ளியின் படிப்புச் சான்றையும் முன்கூட்டியே வாங்க வையுங்கள்.

சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டுக்கும் பொதுத் தேர்வுக்கு முன்பே இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் முதல் பட்டதாரிச் சான்று கிடைக்காது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கிடையாது.

வகுப்பாசிரியை, குரோம்பேட்டை: பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி, பாடப்பிரிவு வரிசை போடும் சாய்ஸ் பட்டியலில் பிள்ளைகள் என்ன தப்பு செய்கிறார்கள் சார்?

'நமக்குக் கிடைக்குமா' என்று பார்த்து வரிசை போடுகிறார்கள். கணினி, மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்துவிடும். கீழே உள்ளதைத் தொடவே தொடாது. கிண்டி பொறியியல் கல்லூரி ஆசை என்றால் அதுதான் முதலில் இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்ததுக்குப் போகும், நஷ்டம் ஒன்றுமில்லை. இன்னொன்று: அஞ்சாறு கல்லூரியோடு நிறுத்திவிடுவார்கள். சாய்ஸுக்கு உச்சவரம்பில்லை. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், சொன்ன நாளுக்குள் ஏற்கிறோமா, பட்டியலில் மேலே உள்ள சாய்ஸுக்கு நகரக் காத்திருக்கிறோமா என்று பதிவு செய்யாவிட்டால் சீட் கையைவிட்டுப் போய்விடும். பள்ளி கம்ப்யூட்டர் லேபில் மேயிலேயே ஒத்திகை பாருங்கள்.

பெற்றோர் சங்க உறுப்பினர், மணலி: பத்தோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான். என்ன சொல்வது?

ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் சொல்லுங்கள். தரமணியில் மத்திய பாலிடெக்னிக், கிண்டியில் அரசு ஐ.டி.ஐ. இருக்கின்றன. பத்து முடித்தால் டிப்ளமோ மூன்று வருடம், ஐ.டி.ஐ. முடித்தால் நேராக இரண்டாம் வருடம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகிற பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 உண்டு, பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண். வீட்டில் பணத்துக்காகத்தான் நிறுத்துகிறார்கள் என்றால் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.