சென்னைப் பெருநகரம் வடக்கே எங்கே முடிகிறது?

அரசாணையைப் பார்த்தால் மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது. அன்றாடம் வேலைக்குப் போய்வருகிறவர்களைக் கேட்டால் ஆந்திராவிலுள்ள தடா, ஸ்ரீசிட்டி தொழில் நகரம், சூளூர்பேட்டை வரை சொல்வார்கள். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், ஆந்திராவின் சத்தியவேட்டில் வசிப்பவன். அவர்கள் சொல்வதுதான் சரி.

2001 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43.4 லட்சம், 2011இல் 46.5 லட்சம். பத்து ஆண்டுகளில் கூடியது வெறும் மூன்று லட்சம். அதே பத்து ஆண்டுகளில் திருவள்ளூர் மாவட்டம் 27.5 லட்சத்திலிருந்து 37.3 லட்சமாக, அதாவது 35 சதவீதம் பெருகியது. நகரத்தின் நடுப்பகுதியில் இடமும் இல்லை, கட்டுப்படியாகும் வாடகையும் இல்லை. அதனால் ஆட்கள் வெளியே நகர்கிறார்கள். வடக்கே எண்ணூர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை என்று வேலை எல்லையை நோக்கி ஏறி வந்தது. 2022 அக்டோபரில் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். எவ்வளவு விரித்தாலும் தமிழ்நாடு அரசு போடும் கோடு ஆந்திராவுக்குள் வர முடியாது.

ஆனால் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டியில் இன்று இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளன. இசுசு வண்டிகளும் கேட்பரி சாக்லேட்டும் அங்கேதான் தயாராகின்றன. 2015 முதல் ஃபாக்ஸ்கானின் கைபேசித் தொழிற்சாலையும் அங்கே நடக்கிறது. இவை ஆந்திராவில் இருந்தாலும் நம்பியிருப்பது சென்னையின் துறைமுகங்களையும் விமான நிலையத்தையும்தான். மேலாளர்கள் பலர் சென்னையில் குடியிருந்துகொண்டு காரில் வருகிறார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கும் பெண்களின் பேச்சைக் கேட்டால் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும்.

இந்தக் கோடு பழங்காலத்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனபோது, அதற்கு ஈடாகச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திராவுக்கு வந்தது சத்தியவேட்டுப் பகுதி. எங்கள் வீட்டு மனையின் பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருக்கும்; அப்பாவின் சான்றிதழ்களில் சித்தூர்; 2022 முதல் நாங்கள் திருப்பதி மாவட்டம். வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

இதனால் வரும் கஷ்டம் சிறியதல்ல. சென்னையின் திட்ட வரைபடத்தில் நாங்கள் இல்லை. ஆந்திரத் தலைநகர் அமராவதியிலிருந்து பார்த்தால் மாநிலத்தின் கடைக்கோடி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள் ஓர் அறைக்கு நான்கைந்து பேராகத் தங்குகிறார்கள். வாடகை ஏறிக்கொண்டே போகிறது. கழிவுநீர்க் கால்வாயும் குப்பையும் இன்னும் கிராம ஊராட்சியின் பொறுப்பிலேயே இருக்கின்றன. எத்தனை பேருக்குக் குடிநீர் தர வேண்டும் என்று ஊராட்சி கணக்குப் போட்டால் கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு மட்டும்தான். அடுத்த கணக்கெடுப்பு 2027இல்தான் வருகிறது. நடுவில் வந்து குடியேறிய அத்தனை பேரும் எந்தக் கணக்கிலும் இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பஸ்களில் கட்டணம் இல்லை. ஆந்திராவிலும் 2025 ஆகஸ்ட் 15 முதல் இலவசம், ஆனால் மாநிலத்துக்குள் மட்டும். எங்கள் ஊரிலிருந்து கும்மிடிப்பூண்டி ஆலைக்குப் போகும் பெண், எல்லை தாண்டுகிற ஆந்திர பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். சம்பளத்தில் அது ஒரு நல்ல தொகை.

இரண்டு மாநிலங்கள் சேர்ந்து திட்டமிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்வேன். டெல்லியைச் சுற்றியுள்ள ஹரியானா, உத்தரப் பிரதேசப் பகுதிகளுக்கும் சேர்த்துத் திட்டமிட 1985இலேயே சட்டம் போட்டு வாரியம் அமைத்தார்கள். அதற்கும் முன்பே, 1983இல், எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஆந்திர மண்ணில் ஓடி, ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பூண்டி ஏரிக்குப் போய்ச் சேர்கிறது கிருஷ்ணா நீர். சென்னையின் தாகத்துக்காக இரண்டு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் அல்லவா? எங்கள் எல்லையோர ஊர்களில் தங்கிச் சென்னைப் பொருளாதாரத்துக்கு உழைப்பவர்களின் பஸ், குடிநீர், வீட்டுவசதிக்காகவும் அப்படி உட்காரலாம். கும்மிடிப்பூண்டி, சத்தியவேடு, தடா, சூளூர்பேட்டை நான்கையும் சேர்த்து ஒரு கூட்டு வாரியம் அமைத்தால் போதும். 2027 எண்ணிக்கை வெளிவந்த உடனே அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.