பழைய கொட்டகையின் மண் தரை மேல் அப்படியே காங்கிரீட் போட்டுப் பட்டறையாக்கலாமா?

போடலாம், ஆனால் ஓதம் விடாது. மண்ணின் ஈரம் நுண்ணிய இடைவெளிகள் வழியே மேலேறுவதைத்தான் ஓதம் என்கிறோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி. காங்கிரீட்டிலும் நுண்துளைகள் உண்டு. மழைக்காலத்தில் உளியும் இழைப்புளியும் துருவேறும், தரையில் சாய்த்த பலகை அடிப்பக்கம் உப்பிவிடும். பார்க்கவே மனசு கேட்காது.

அதனால் முதலில் மேல்மண்ணை வேரோடு வெட்டியெடுத்து, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். பிறகு 4 அங்குலம் ஜல்லி. அதன் இடைவெளிகள் பெரியவை, ஈரம் ஏற வழியில்லை. மேலே கொஞ்சம் மணல், கனமான பாலித்தீன் ஷீட். ஓரத்தைச் சுவரில் மடித்து ஏற்றுவது முக்கியம். அப்புறம் 4 அங்குலக் காங்கிரீட், குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டுங்கள்.

தடிமனாகப் போட்டால் ஓதம் வராது என்று பலர் நம்புகிறார்கள்; தடிமன் எடை தாங்கத்தான், ஈரத்தைத் தடுப்பது ஜல்லியும் ஷீட்டும்.