சபை தீர்மானம் போட்டாலும் மதுபானப் பார் வேலை நிற்கவில்லையா?

பிரதேச சபைத் தீர்மானத்தால் மதுபான அனுமதிப்பத்திரத்தை நிறுத்த முடியாது. திருகோணமலை நிலாவெளியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பார் வருகிறது, சபை எதிர்த்தும் வேலை நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அனுமதி கொடுப்பது மதுவரித் திணைக்களம், அதுவும் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ். சபையின் கையில் இருப்பது கட்டட அனுமதியும் வியாபார உரிமமும்தான்.

பெரும்பாலும் உங்கள் எதிர்ப்பு சபையோடு நின்றுவிட்டது, பிரதேச செயலாளரின் கோப்புக்குப் போகவில்லை. அங்கேதான் எழுத்தில் இருக்க வேண்டும். பெற்றோர், கோயில், பள்ளிவாசல் எல்லாரும் தனித்தனியாகக் கையெழுத்திட்ட கடிதங்களைப் பிரதேச செயலகத்துக்கும் மதுவரி ஆணையாளர் நாயகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

அப்புறம் ஒன்றைச் சரிபாருங்கள்: அனுமதி உண்மையில் கிடைத்துவிட்டதா, எந்த வகை, பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பதிவாகியிருக்கிறது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அந்தத் தூரம் பிழை என்றால் உங்கள் வாதத்துக்கு அதைவிடப் பலமானது இல்லை, நீங்களே அளந்து வையுங்கள்.

ஆனால் அது சுற்றுலா ஹோட்டலுக்கான அனுமதி என்றால் நிபந்தனைகள் வேறு, தூரத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கொடுத்தாயிற்று என்றாலும் விட்டுவிட வேண்டாம், அனுமதி டிசம்பர் 31உடன் முடியும், புதுப்பிக்கும் முன்பே உங்கள் கடிதம் கோப்பில் இருக்கட்டும்.