கல்லாவில் குறைந்த பணம்

அன்புள்ள ஐயா,

2003இல் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தேன். தங்கையின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் கல்லாவிலிருந்து 4,200 ரூபாய் எடுத்தேன். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் கணக்குப் பார்த்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த பையன்மேல் பழி விழுந்து, அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. இன்று எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. ஆனால் ராத்திரி கல்லாவை எண்ணும்போது கை நடுங்குகிறது. நான் கேவலமானவன் என்ற எண்ணம் போகமாட்டேன் என்கிறது. கோயில், அன்னதானம் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். அவனைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டால் என் மனசாட்சி ஆறுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் கை நடுங்குவது, உங்கள் தூக்கம், உங்கள் அன்னதானம் எல்லாம் இருக்கிறது. அந்தப் பையனுக்கு ஒரே ஒரு வரி. அப்புறம் அவருக்கு வேலை கிடைத்ததா, வீட்டில் என்ன சொன்னார் என்ற கேள்விகூட இல்லை. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஆறாததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971இல் குற்ற உணர்வையும் அவமான உணர்வையும் பிரித்துக் காட்டினார். 'தப்பு செய்துவிட்டேன்' என்பது ஒன்று, 'நான் தப்பானவன்' என்பது வேறு. முன்னது செய்த காரியத்தைப் பார்க்கும், அதைச் சரிசெய்யத் தூண்டும். பின்னது ஒளிந்துகொள்ளச் சொல்லும். 'கேவலமானவன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது இரண்டாவது வகை.

வினைத்தூய்மை அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு.

எற்றென் றிரங்குவ செய்யற்க செய்வானேல்
மற்றன்ன செய்யாமை நன்று (655)

பின்னால் நினைத்து வருந்தும்படியான காரியத்தைச் செய்யாதே, தவறிச் செய்துவிட்டால் மறுபடி அப்படிச் செய்யாதே என்று உரை சொல்கிறார் மு.வ. பரிமேலழகரோ, செய்துவிட்டால் பிறகு உட்கார்ந்து இரங்காதே என்று பொருள் சொல்கிறார். இளவயதில் அது எனக்கு ஈரமில்லாத உரையாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. இரங்கிக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதான். அது முழு நாளையும் தின்றுவிடும், பாதிக்கப்பட்டவருக்கு அதனால் ஒரு பைசா பயனில்லை.

காந்தி 15 வயதில், அண்ணனின் 25 ரூபாய்க் கடனை அடைக்க, அண்ணனின் கைக்காப்பிலிருந்து துளி தங்கத்தை வெட்டி எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் கொடுத்தார். தண்டனை கேட்டார், இனித் திருடுவதில்லை என்று உறுதி சொன்னார். கூடவே, இதற்காக நீங்கள் உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள் என்றும் எழுதியிருந்தார். என்னை அசைத்தது இந்தக் கடைசி வரிதான். அவ்வளவு பயத்திலும் அப்பாவின் வலி அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, பழைய விஷயம் ஒன்றுக்காக மன்னிப்புக் கேட்டு அழுதார். கடைசியில் நான்தான் தண்ணீர் கொடுத்து, பரவாயில்லை என்று தேற்றி அனுப்பினேன். எனக்கு அது பரவாயில்லாத விஷயமாக இருக்கவில்லை. அதைச் சொல்ல அவர் இடமே வைக்கவில்லை.

சரி, நீங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் முதலில் போகவேண்டியது அந்த முதலாளியிடம். திருடன் என்ற பெயர் விழுந்த இடம் அது. அங்கேதான் அதை எடுக்கவும் முடியும். கடையில் அன்று இருந்தவர்கள் யாராவது உடனிருந்தால் இன்னும் நல்லது. அதன்பிறகு, பழி சுமந்த அந்தப் பையனிடம் போங்கள். வேலை போன காரணத்தைத் தன் மனைவி பிள்ளைகளிடம் அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். அதனால் நேரே வீட்டு வாசலில் போய் நிற்காமல், தெரிந்தவர் மூலம் சொல்லியனுப்பி, அவர் விரும்பினால் மட்டும் தனியாகப் பாருங்கள். அவர் இழந்த சம்பளத்தைக் கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள். 'மன்னித்துவிட்டாயா' என்று கேட்காதீர்கள். திட்டினால் முழுவதும் கேளுங்கள், நடுவில் தங்கையின் ஆஸ்பத்திரிச் செலவைச் சொல்லாதீர்கள். பணத்தை வாங்க மறுத்தால் வற்புறுத்தவும் வேண்டாம்.

மனசாட்சி ஆறுமா என்று கேட்டீர்கள். ஆறாமலும் போகலாம். அப்போதும் போகவேண்டும் என்றுதான் சொல்வேன்.

அந்த முதலாளி இன்னும் இருக்கிறாரா? இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.