லக்சரில் விடியற்காலை பலூன்: கேள்வி பதில்

எகிப்தின் லக்சர் நகரில் மூன்று முறை பலூன் ஏறியிருக்கிறேன். நான்காவது முறை காற்று விடவில்லை. போகத் திட்டமிட்டிருப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, மூன்றரை மணிக்கே எழுப்பிவிடுகிறார்களாமே? சாவகாசமாக எட்டு மணிக்குப் பறந்தால் ஆகாதா?

ஆகாது. வெயில் ஏறிவிட்டால் பாலைவனத் தரை சுட்டு, அதன் மேலுள்ள காற்று மேலும் கீழுமாகப் புரளத் தொடங்கிவிடும். அதில் சிக்கினால் பலூன் சொன்னபேச்சு கேட்காது. விடியலில் காற்று அடங்கிக் கிடக்கும். வெளியே குளிர்ந்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக, லேசாக இருப்பதால்தான் பலூன் மேலே போகிறது. குளிர்வேளையில் குறைந்த எரிவாயுவிலேயே அது நடந்துவிடும்.

சூரிய உதயத்தை மேலிருந்து கட்டாயம் பார்க்கலாம்தானே?

இதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரே காலையில் இரண்டு மூன்று தடவையாக ஆட்களை ஏற்றுகிறார்கள். முதல் தடவையில் ஏறியவர்களுக்குத்தான் உதயம். என் முதல் பயணத்தில் இது எனக்குத் தெரியாது. இருட்டில் எழுந்து, படகில் நைல் நதியைக் கடந்து பலூன் கிளம்பும் மேற்குக் கரைக்குப் போய், டீயும் கேக்கும் சாப்பிட்டு, கடைசியில் தரையில் நின்றபடியே சூரியனைப் பார்த்தேன். அதற்கு ஓட்டல் மொட்டைமாடி போதுமே! ‘முதல் சுற்று’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

துட்டன்காமுன் கல்லறை மேலிருந்து தெரியுமா?

தெரியாது. அரசர்களின் பள்ளத்தாக்கில் உள்ள 60க்கும் மேற்பட்ட கல்லறைகள் எல்லாமே பாறைக்குள் குடைந்தவை. கண்ணில் படக் கூடாது என்றுதானே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்! துட்டன்காமுன் அரசருடையது 1922 வரை அப்படியே மறைந்து கிடந்தது. உங்களுக்குத் தெரிவது அதன் மேல் நிற்கும் அல்-குர்ன் என்ற மலை. இயற்கையாகவே பிரமிடு வடிவம் அதற்கு.

ஆனால் கல்லறையைத் தேடி, பறக்கிற அந்த 45 நிமிடத்தை வீணாக்காதீர்கள். கீழே ஒரு கோடு தெரியும், அதைப் பாருங்கள். நைல் தண்ணீர் எட்டும் வரை கரும்பும் கோதுமையும் பச்சைப் பசேலென்று இருக்கும். அதற்கு அடுத்த அடியிலிருந்து வெறும் மண், வெறும் பாறை. நடுவில் ஒரு வரப்பு அகலம்கூட இருக்காது. பழைய எகிப்தியர்கள் விளைகிற பக்கத்தைக் ‘கறுப்பு நிலம்’ என்றும் பாலைவனத்தைச் ‘சிவப்பு நிலம்’ என்றும் அழைத்தார்கள். விளைகிற மண்ணைக் கெடுக்காமல், சூரியன் மறைகிற மேற்கில், அந்தக் கோட்டின் ஓரமாகவே, அரசர்கள் இறந்தபின் அவர்களை வழிபடுவதற்கான கோயில்களைக் கட்டினார்கள். ஹட்ஷெப்சுட் அரசியின் கோயில், இரண்டாம் ராம்செஸின் ராமசேயம், மூன்றாம் ராம்செஸின் மெதினத் ஹபு எல்லாம் வரிசையாக அங்கேதான் நிற்கின்றன. தரையில் டாக்சி பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது இந்த வரிசை எனக்குப் பிடிபடவே இல்லை.

மெம்னோன் சிலைகளையும் கவனியுங்கள். சுமார் 18 மீட்டர் உயரத்தில் இரண்டு பேர் வயலோரம் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் அவர்கள் மூன்றாம் அமென்ஹோதெப்பின் கோயில் வாசற்காவல். கோயில் பூகம்பத்திலும் வெள்ளத்திலும் போய்விட்டது. அது எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதை அவர்களுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் அகழ்வுக் குழிகளை மேலிருந்து பார்த்தால் புரியும்.

பலூனுக்கு ஸ்டியரிங் இல்லையே, எப்படித் திருப்புகிறார்கள்?

திருப்புவதில்லை. ஏற்றலாம், இறக்கலாம், அவ்வளவுதான். உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும். வேண்டிய திசையில் போகிற காற்று எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் பைலட்டின் சாமர்த்தியம். அதனால் ‘இன்ன கோயிலுக்கு மேலே போவோம்’ என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

2013 விபத்தைப் படித்ததிலிருந்து வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2013 பிப்ரவரி 26 அன்று லக்சரில் ஒரு பலூன் தரையிறங்கும் நேரத்தில் தீப்பிடித்து, கூடையில் இருந்த 21 பேரில் 19 பேர் இறந்தார்கள். அதன்பின் பறப்பதைச் சில காலம் நிறுத்திவைத்து, மறுபடி தொடங்கினார்கள். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விலை மலிவை மட்டும் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கிளம்பும் முன் இறங்கும் முறையைச் சொல்லித் தராத பைலட்டாக இருந்தால் ஏறாதீர்கள்.

எனக்கு மொட்டைமாடி விளிம்பில் நின்றாலே தலை சுற்றும். அம்மாவுக்கு முட்டி வலி. இரண்டு பேரும் வரலாமா?

நீங்கள் வரலாம் என்றுதான் நினைக்கிறேன். காற்றோடு காற்றாகப் போவதால் முகத்தில் காற்றே அடிக்காது. நகர்வதும் தெரியாது, தரைதான் நகர்கிற மாதிரி இருக்கும். கூடை மார்பளவு உயரம். பர்னர் சத்தம்தான் திடுக்கிட வைக்கும்.

அம்மா விஷயத்தில் யோசியுங்கள். கூடைக்குப் படி கிடையாது, பக்கவாட்டுத் துளைகளில் கால் வைத்து ஏற வேண்டும். இறங்கும்போது முட்டியை மடக்கி, கயிற்றைப் பிடித்துக் குந்த வேண்டும். சில நாள் கூடை தடதடவென்று இழுபட்டுத்தான் நிற்கும். மேற்குக் கரையில் ஓட்டல் எடுத்து, அம்மாவை மாடியில் உட்காரவைத்தால் பலூன்கள் எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்ப்பார்.

நம் ஊருக்கும் அந்த இடத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா ஐயா?

உண்டு, அந்தப் பக்கம் போன பழைய வணிக வழியோடு. செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ‘பானை ஒறி’ (உறியில் தொங்கும் பானை) என்று தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்தது. வயது சுமார் 2000 ஆண்டு. அங்கே இறங்கிய மிளகு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து நைல் கரைக் கோப்டோஸுக்கு வந்து, அங்கிருந்து படகேறியது. கோப்டோஸ் லக்சருக்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பலூனிலிருந்து தெரியாது. ஆனால் வடக்கே பார்த்தபோது எனக்கு அந்தப் பானைதான் ஞாபகம் வந்தது.

டிரோன் கொண்டு போகலாமா?

வேண்டாம். எகிப்தில் அனுமதி இல்லாமல் டிரோன் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

பலூனை முதல் நாள் காலைக்கே வைத்துக்கொண்டு, அடுத்த இரண்டு காலைகளைக் காலியாக விடுங்கள். காற்று சரியில்லை என்றால் கூடை பக்கத்தில் நிற்கும்போதுகூட ரத்து செய்வார்கள். நான் கடைசி நாளுக்கு வைத்திருந்தேன். பாதி ஊதிய பலூன்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, நேரே ரயில் நிலையம் போனேன்.