கடல் நிறத்தைப் பார்த்து மட்டி பொறுக்காதீர்கள்

கே: கடல் சிவக்காமல், பச்சையாகாமல் இருந்தால் மட்டி பொறுக்கலாம்தானே? (பழவேற்காடு)

நிறத்தை நம்பாதீர்கள் என்று இன்னும் எத்தனை முறை எழுதுவது? தண்ணீர் நிறம் மாற லிட்டருக்கு லட்சக்கணக்கில் நுண்பாசி வேண்டும். நஞ்சு சுரக்கும் நுண்பாசியான அலெக்ஸாண்ட்ரியம் லிட்டருக்குச் சில நூறு செல் தென்பட்டாலே பல நாடுகளில் எச்சரிக்கை மணி அடிக்கும். தண்ணீர் அப்போது கண்ணாடி போலத்தான் இருக்கும். மட்டியோ மணிக்கு லிட்டர் கணக்கில் வடிகட்டி நஞ்சைச் சதையில் சேர்த்துக்கொண்டே போகும்.

கே: இரவில் அலை நீலமாக மின்னுகிறது. ஆபத்தா? (சென்னை)

2019 ஆகஸ்ட்டில் நீங்கள் பார்த்த அதே நாக்டிலூக்காதான், இரவில் ஒளிரும் நுண்ணுயிர். சிப்பி நஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதிகமாகப் பெருகினால் அம்மோனியாவும் ஆக்ஸிஜன் குறைவும் மீனைக் கொல்லும்.

கே: நன்றாகக் கொதிக்கவைத்து, வெள்ளிக் காசு போட்டுப் பார்த்தால் போதுமா?

போதாது. அலெக்ஸாண்ட்ரியம் தரும் நஞ்சான சாக்ஸிடாக்ஸின் அடுப்புக்கு அசையாது. வெந்த தண்ணீரில் இறங்கும், அதனால் சூப் இன்னும் மோசம். காசு கறுத்தால் விஷம் என்பார்கள்; அங்கே கந்தகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கே: சுத்திகரிப்புத் தொட்டியில் இரண்டு நாள் விட்டால்?

பாக்டீரியா போகும். நஞ்சு போக வாரக்கணக்காகும். அலாஸ்காவின் பட்டர் கிளாம் என்ற மட்டி இரண்டு வருடம்கூட வைத்திருக்கும்.

கே: ஏற்றுமதிச் சிப்பிக்கு மட்டும் ஏன் இவ்வளவு சோதனை? (குளச்சல்)

என் பழைய புண்ணைக் கிளறிவிட்டீர்கள். ஐரோப்பாவுக்குப் போகிற சிப்பியில் சாக்ஸிடாக்ஸின் கிலோவுக்கு 800 மைக்ரோகிராம், வேறு இரண்டு பாசி நஞ்சுகளான டோமோயிக் அமிலம் 20 மில்லிகிராம், ஒகடாயிக் அமிலம் 160 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது. நல்லது. ஆனால் நம் பக்கம் செத்தவர்கள் யார்? 1981இல் கல்பாக்கம் அருகே வாயலூரில் மட்டி தின்று 3 பேர், 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று 7 பேர். விழிஞ்ஞத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல். கரையோரத்திலேயே எடுத்து அங்கேயே சமைத்துச் சாப்பிட்டவர்கள். அவர்கள் சட்டி எந்த ஆய்வகத்தையும் தாண்டி வருவதில்லை.

கலிஃபோர்னியாவில் மே முதல் அக்டோபர் வரை சொந்தச் சமையலுக்குச் சிப்பி எடுக்கத் தடை, ஆண்டுதோறும். பிலிப்பைன்ஸில் எந்த விரிகுடாவில் எடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லி அறிவிக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் செயற்கைக்கோள் வழியே பாசிப் பெருக்கம் பற்றித் தகவல் தருகிறது. பயனுள்ளதுதான், ஆனால் அதற்குத் தெரிவது பச்சையம், நஞ்சல்ல. ஒரே இடத்தில் வாராவாரம் சதையை எடுத்துச் சோதித்து, முடிவை மீன் இறங்குதளத்துப் பலகையில் எழுத வேண்டும். சிப்பி எடுக்கிறவர் கண்ணில் படாத முடிவு எதற்கு?

கே: அப்படியானால் மீன், இறால்?

நஞ்சு பெரும்பாலும் குடலில்தான் தங்கும்; அதை எடுத்துக் கழுவினால் பெரும்பாலும் கவலையில்லை. நெத்திலியை முழுசாகத் தின்பவர்கள் மட்டும் பாசிப் பெருக்கக் காலத்தில் பொறுங்கள். 1991இல் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் டோமோயிக் அமிலம் சேர்ந்த நெத்திலி தின்றே பெலிக்கன்கள் செத்தன.

கே: சாப்பிட்டபின் உதடு மரத்தால் கைவைத்தியம் உண்டா?

கிடையாது. மாற்று மருந்தும் இல்லை. வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள், மிச்சச் சிப்பியோடு.

கே: படம் அனுப்பியிருக்கிறேன். இது விஷச் சிப்பியா?

படத்தில் நஞ்சு தெரியாது ஐயா. எங்கே எடுத்தது, என்றைக்கு என்றுகூட எழுதவில்லை. ஆய்வகத்துக்குக் கொடுப்பதானால் இடம், தேதி எழுதி, அரைக் கிலோ சிப்பியை ஐஸில் வைத்துக் கொடுங்கள். அதுவரை சட்டியில் போடாதீர்கள்.